பிரிட்டனுக்கு முதுநிலை படிக்க வருபவர்களுக்கு எப்போது, எதில் உதவ வேண்டும்?

கேள்வி: பிரிட்டனில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வரும் செப்டம்பரில் எங்கள் துறைக்கு இந்தியா, இலங்கை, நைஜீரியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து முதுநிலை மாணவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கும்படி துறையில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஊரைச் சுற்றிக்காட்டுவது, சிம் கார்டு வாங்கித் தருவது தவிர உருப்படியாக என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். பிரிட்டனில் வகுப்புகள் வழியாக நடக்கும் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது பொதுவான அளவு. ஆக மொத்தம் 1800 மணி நேரம். அத்தனையும் ஒரே ஆண்டுக்குள். இளநிலைக்கு வரும் மாணவருக்கு மூன்றாண்டுகள் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் முதலாண்டு மதிப்பெண் இறுதித் தரத்தில் சேருவதில்லை; தடுமாறி எழுந்து நிற்க அவகாசம் உண்டு. முதுநிலை மாணவரோ செப்டம்பர் கடைசியில் வந்து இறங்குகிறார், நவம்பரிலோ ஜனவரியிலோ முதல் கட்டுரையைச் சமர்ப்பிக்கிறார், அந்த மதிப்பெண் நேராகப் பட்டத்தில் போய்ச் சேருகிறது. பழகிக்கொள்வதற்கென்று அந்த அட்டவணையில் ஒரு நாள்கூட ஒதுக்கப்படவில்லை.

நான் இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில், மாணவர்களின் வாசிப்பு, எழுத்து ஆகியவற்றுக்குத் துணைநிற்கும் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உதவியே கிடைக்காமல் தவிக்கும் மாணவர்களைவிட, தவறான வாரத்தில் உதவி கிடைத்ததால் தவிக்கும் மாணவர்களையே அதிகம் பார்க்கிறேன். வரவேற்பு வாரத்தில் நூலகம், மனநலப் பிரிவு, வேலைவாய்ப்புப் பிரிவு, கல்வி நேர்மை விதிகள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த வாரத்தில் மாணவரின் மனம் முழுக்க வாடகை வீட்டிலும் வங்கிக் கணக்கிலும் இருக்கிறது. எதுவும் உள்ளே இறங்குவதில்லை. ஐந்தாறு வாரம் கழித்து முதல் கட்டுரையின் கேள்வித்தாளை விரித்துவைத்து உட்காரும்போது, அருகில் யாரும் இருப்பதில்லை. நீங்கள் அந்த வாரத்தில் அருகில் இருங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

புது நாட்டுக்கு வருபவர் முதலில் குதூகலமாக இருப்பார், சில மாதம் கழித்துச் சோர்வார், பிறகு தேறுவார் என்று ஒரு வளைகோட்டை இன்றும் பல பயிற்சி வகுப்புகளில் வரைந்து காட்டுகிறார்கள். அமெரிக்காவில் தங்கிப் படித்த நார்வேக்காரர்களிடம் 1950களில் நடத்திய ஆய்விலிருந்து பிறந்த கருத்து அது. லொரெய்ன் பிரவுன், இம்மி ஹாலோவே என்ற இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வந்த வெளிநாட்டு முதுநிலை மாணவர்களைக் கூடவே இருந்து கவனித்து 2008இல் எழுதியது இதற்கு நேர்மாறானது. ஆரம்ப நாட்களில் மேலோங்கியிருந்தது குதூகலம் அல்ல. பதற்றமும் தனிமையும் வீட்டு ஏக்கமும்தான். நான் பார்க்கும் மாணவர்களும் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆகவே முதல் நாளே முகம் வாடியிருக்கும் மாணவரைப் பார்த்து, இவருக்கு ஏதோ குறை என்று எண்ணிவிட வேண்டாம். அவரிடமும், இது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முதல் வாரத்தில் மூன்று வேலைகள் போதும். தங்குமிடம், பல்கலைக்கழகப் பதிவு, மருத்துவர் பதிவு.

தங்குமிடத்தில்தான் ஏமாற்று அதிகம். நேரில் பார்க்காத அறைக்கு ஊரிலிருந்தே முன்பணம் அனுப்ப வேண்டாம் என்பதை அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு ஏதாவது தற்காலிக இடம், பிறகு நேரில் பார்த்து வீடு என்பதே பாதுகாப்பான வழி. இங்கிலாந்தில் வழக்கமான மாணவர் வாடகை வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கேட்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தத் தொகையை அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் 30 நாட்களுக்குள் வீட்டுக்காரர் பதிந்தாக வேண்டும். ஆனால் வீட்டுக்காரர் குடியிருக்கும் அதே வீட்டில் ஓர் அறையை எடுத்துத் தங்குபவருக்கு இந்தப் பதிவுப் பாதுகாப்பு கிடையாது. லண்டனின் ஈஸ்ட் ஹாம் போன்ற பகுதிகளில் தெரிந்தவர் வீட்டில் ஓர் அறை என்று வந்து தங்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. குறைந்தது ரசீதாவது வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகப் பதிவோடு சேர்த்து விசாவையும் கவனிக்க வேண்டும். அது இப்போது அட்டையாக வருவதில்லை. இணையக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைத் திறக்க முடிகிறதா, பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று முதல் வாரமே பார்த்துவிட வேண்டும். நம் பெயர்களில் தந்தை பெயர் எது, குடும்பப் பெயர் எது என்ற குழப்பம் ஆவணத்துக்கு ஆவணம் மாறி வருவதால் இதில் சிக்கல் சகஜம். மருத்துவரிடம் பதிவு செய்வதை உடம்பு நன்றாக இருக்கும்போதே முடிக்க வேண்டும். விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருப்பார்கள். பிறகும் காய்ச்சல் வந்தால் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்திருப்பார்கள். மருத்துவரைப் பார்க்கத் தனியாகக் கட்டணம் கிடையாது. மருந்துச் சீட்டுக்கு மட்டும் இங்கிலாந்தில் கட்டணம் உண்டு, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அதுவும் இல்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டு மாணவர் சிரமப்படுகிறார் என்றால் அவருடைய ஆங்கிலம் போதவில்லை என்று பேராசிரியர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். மொழி ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் சரளமாக ஆங்கிலம் எழுதும் சென்னை மாணவரும் லாகோஸ் மாணவரும் முதல் கட்டுரையில் அதே இடத்தில் இடறுகிறார்கள். இங்கே நல்ல கட்டுரை என்றால் என்ன என்பது யாரும் சொல்லித்தராத ஒரு வழக்கம். உள்ளூர் மாணவர் மூன்றாண்டு இளநிலையில் அடிபட்டு அதைக் கற்றிருக்கிறார். நம் மாணவர் கேள்விக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினால் மதிப்பெண் என்ற முறையில் கெட்டிக்காரராக விளங்கி வந்தவர். 3000 சொல் கட்டுரையில் முதல் 2000 சொல்லை வரையறைகளுக்கும் வரலாற்றுக்கும் செலவழிக்கிறார். கேள்வி கேட்டதோ ஒரு முடிவை: இந்த இரண்டு கோட்பாடுகளில் எது இந்தச் சூழலுக்குப் பொருந்துகிறது, ஏன்? ஆசிரியர் தேடுவது மாணவரின் நிலைப்பாட்டையும், அதைத் தாங்கும் சான்றுகளையும், அதற்கு எதிராக நிற்கும் சான்றுகளை அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதையும். பெரிய அறிஞர் ஒருவர் எழுதியதில் குறை காண நான் யார் என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டார். அது அறியாமையால் வந்த கேள்வி அல்ல, மரியாதையால் வந்தது. அவரிடம் நான் சொன்னது: அறிஞரைக் குறை சொல்ல வேண்டாம், அவர் எந்த நாட்டில், எத்தனை பேரிடம், எந்த ஆண்டில் தரவு சேர்த்தார் என்று மட்டும் பாருங்கள், அது உங்கள் கேள்விக்குப் பொருந்துமா என்று எழுதுங்கள். அடுத்த வரைவில் அவருடைய குரல் கேட்டது.

இதைச் சொற்பொழிவாகச் சொன்னால் பயனில்லை. அக்டோபர் நடுவில், மூன்றாவது நான்காவது வாரத்தில், ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்துக்கொண்டு நான்கைந்து பேரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். சுருக்கத்தைப் படிப்பது, முன்னுரையின் கடைசிப் பத்தியைப் பார்ப்பது, முடிவுரைக்குத் தாவுவது, பிறகே நடுப்பகுதி வேண்டுமா என்று தீர்மானிப்பது. இதைக் கண்ணெதிரே செய்து காட்டுங்கள். வாசிப்புப் பட்டியலில் உள்ள அனைத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க முயன்று, இரவெல்லாம் விழித்து, மூன்றாவது வாரத்தில் மொத்தமாகக் கைவிடுகிறவர்கள் நிறைய. யாரும் அப்படிப் படிப்பதில்லை என்று ஒரு முனைவர் பட்ட மாணவர் வாயால் கேட்பது அவர்களுக்குப் பெரிய விடுதலை. அதே வாரத்தில் 500 சொல் எழுதச் சொல்லி, அதை நூலகத்தின் எழுத்து உதவிப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்களும் படித்துக் கருத்துச் சொல்லலாம். ஆனால் வாக்கியங்களைத் திருத்தி எழுதித் தராதீர்கள். அது உதவியின் எல்லையைத் தாண்டிவிடும், உங்களையும் சிக்க வைக்கும்.

மதிப்பெண் முறையை முன்கூட்டியே சொல்லுங்கள். இங்கிலாந்தில் முதுநிலைக்குப் பொதுவாக 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். 80க்கு மேல் அபூர்வம். ஊரில் 85, 90 வாங்கிப் பழகியவர் 58 என்று பார்த்ததும் உடைந்துபோகிறார். வீட்டுக்குச் சொல்லக் கூசுகிறார். முதல் கட்டுரைக்கு 58 கௌரவமான மதிப்பெண் என்பதை, அது வருவதற்கு முன்பு சொன்னால் நம்புவார். வந்த பிறகு சொன்னால் ஆறுதல் வார்த்தை என்று நினைப்பார். கூடவே வரும் ஆசிரியர் குறிப்புகளையும் சேர்ந்து படியுங்கள். பிரிட்டிஷ் ஆசிரியர், இந்தப் பகுதியை இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாமோ என்று மென்மையாக எழுதினால், இந்தப் பகுதி தேறவில்லை, மாற்று என்று பொருள். நம் மாணவர்கள் அந்த மென்மையைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, அடுத்த கட்டுரையிலும் அதையே செய்கிறார்கள்.

கருத்துத் திருட்டு பற்றிய எச்சரிக்கை வரவேற்பு வாரத்தில் எல்லோருக்கும் கொடுக்கப்படுகிறது, அதுவும் பயமுறுத்தும் தொனியில். பயம் மட்டும் மிஞ்சுகிறது, செய்முறை மிஞ்சுவதில்லை. என் அனுபவத்தில் மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். மூல வாக்கியத்தை எடுத்து, நான்கு சொற்களை மாற்றிப் போட்டு, அதுவே தன் சொந்த நடை என்று எண்ணியவர்கள். மூலத்தை மூடி வைத்துவிட்டு, புரிந்ததைத் தன் நண்பருக்குச் சொல்வதுபோல் எழுதி, பிறகு திறந்து சரிபார்த்து, யாருடைய கருத்து என்று குறிப்பிடுவது ஒரு பழக்கம். உட்கார்ந்து நாலு முறை செய்தால் கை வந்துவிடும். கட்டுரையை மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் சதவீதம் குறித்தும் தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. இத்தனை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தப்பித்தோம் என்று ஒரு பாதுகாப்பான எண் கிடையாது. 25 சதவீதம் முழுக்க மேற்கோள் பட்டியலாக இருக்கலாம், 6 சதவீதம் ஒரே பத்தியை அப்படியே எடுத்ததாக இருக்கலாம்.

இன்னொன்றை நம் மாணவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். எழுதி முடித்த கட்டுரையை நண்பருக்குப் பார்க்கக் கொடுப்பது நமக்கு நட்பின் கடமை. இங்கே அதைப் பார்த்து அவர் எழுதிவிட்டால், கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்தே விசாரணைக்குப் போவார்கள். வகுப்புக் குறிப்பைப் பகிரலாம், கட்டுரைக் கேள்வியைச் சேர்ந்து விவாதிக்கலாம். எழுதிய பக்கத்தை மட்டும் தரக் கூடாது. காசுக்குக் கட்டுரை எழுதித் தருபவர்கள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்குள் அவரவர் மொழியிலேயே பேசிக்கொண்டு நுழைகிறார்கள். இங்கிலாந்தில் இந்தச் சேவையை விற்பதையும் விளம்பரம் செய்வதையும் 2022ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. வாங்கிய மாணவரைப் பிறகு மிரட்டிப் பணம் பறிப்பதும் இவர்களின் தொழில். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு ஒரே விதி இல்லை, பாடத்துக்குப் பாடம் மாறும். ஆகவே அந்தந்தப் பாட ஆசிரியரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த மின்னஞ்சலை எழுதுவதே பலருக்கு மலையாக இருக்கிறது. பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்க நாக்கு எழுவதில்லை; எப்படி அழைப்பது என்று தெரியாமலேயே கேள்வியைக் கைவிட்டவர்கள் உண்டு. முதல் கடிதத்தில் டாக்டர் என்று போட்டுக் குடும்பப் பெயரை எழுதலாம். பதிலில் அவர் எந்தப் பெயரில் கையெழுத்திடுகிறாரோ, அடுத்த முறை அதையே பயன்படுத்தலாம். உள்ளே மூன்று விஷயம் போதும்: நான் எந்தப் பாடத்தில் இருக்கிறேன், இதுவரை எதைப் படித்துப் பார்த்தேன், சரியாக எந்த இடத்தில் நிற்கிறேன். நீண்ட மன்னிப்புகள் வேண்டாம். ஆசிரியர் மாணவர்களைச் சந்திக்க வாரந்தோறும் ஒதுக்கும் நேரம் ஒன்று உண்டு. அது மாணவருடைய உரிமை, யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை. முதல் முறை நீங்கள் கதவு வரை கூடவே போங்கள்.

சொந்த நாட்டுக்காரர்களோடு ஒட்டிக்கொண்டிருக்காதே என்ற அறிவுரையை வரவேற்பு வாரத்தில் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாலையில் தாய்மொழியில் பேசி, சோறும் ரசமும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் கூட்டம் இருப்பவர்களே நவம்பரைத் தாண்டுகிறார்கள். படிப்புக் குழுவை மட்டும் கலந்து அமைத்துக் கொடுங்கள். அது தானாக அமையாது, நீங்கள்தான் கோத்துவிட வேண்டும். கருத்தரங்கு வகுப்பில் பேசாமல் இருப்பவருக்கு ஒரு உபாயம்: ஒரு கேள்வியை முன்னதாகவே எழுதிக்கொண்டு போய், முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிட வேண்டும். நேரம் ஆக ஆக வாய் திறப்பது கடினமாகிக்கொண்டே போகும்.

பணத்தைப் பற்றி அக்டோபரிலேயே கேளுங்கள். நிலத்தையோ நகையையோ வைத்துக் கடன் வாங்கி வந்தவர் நிறைய பேர். வாரத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரமே வகுப்பு என்று கால அட்டவணையைப் பார்த்ததும், மிச்ச நேரமெல்லாம் வேலைக்கு என்று கணக்குப் போடுகிறார்கள். மிச்ச நேரம்தான் படிப்பு. மாணவர் விசாவில், படிப்பு நடக்கும் பருவகாலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் உச்சம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. சராசரி பார்க்க முடியாது; ஒரு வாரம் 10, அடுத்த வாரம் 30 என்றால் மீறல்தான். முதுநிலையில் ஆய்வேடு எழுதும் கோடைக்காலமும் வழக்கமாகப் பருவகாலமாகவே கணக்கிடப்படும் என்பது பலருக்கும் தெரியாது. உணவு டெலிவரி செயலிகளில் ஓட்டுவது சுயதொழிலாகக் கருதப்படும் வேலை. மாணவர் விசாவில் அது தடை. இன்னொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது இன்னும் பெரிய ஆபத்து. கட்டணத் தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், கெடு தேதிக்கு முன்பே நிதிப்பிரிவில் பேசச் சொல்லுங்கள். முன்னதாகப் பேசினால் தவணையை மாற்றித் தர வாய்ப்பு உண்டு. கெடு தாண்டி மௌனமாக இருந்தால் பதிவு ரத்தாகலாம். பதிவு போனால் விசாவும் போகும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைப்பார்கள். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். கிறிஸ்துமஸுக்குப் பல்கலைக்கழகம் மூடும், உள்ளூர் மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஜனவரிக் கட்டுரைகள் மேசையில் கிடக்கும். 2024 ஜனவரியிலிருந்து வகுப்புவழி முதுநிலை மாணவர்கள் கணவனையோ மனைவியையோ குழந்தைகளையோ சார்ந்தோர் விசாவில் பொதுவாக அழைத்துவர முடிவதில்லை. முப்பது வயதில், பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இந்த இரண்டு வாரம் மிகக் கொடியது. ஒரு நாள் அவர்களை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள். இந்தப் பதிலில் நான் சொல்லும் எதையும்விட அது பெரிதாக இருக்கலாம்.

இக்காலத்தில்தான் ஊரில் தாத்தாவோ பாட்டியோ இறந்த செய்தி வரும். வீடியோ அழைப்பில் இறுதிச் சடங்கைப் பார்த்துவிட்டு, மறுநாள் கட்டுரை எழுத உட்காருவார்கள். நோய், துக்கம் போன்ற சூழலில் கெடுவை நீட்டிக்கக் கேட்கும் வழி எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. நம் மாணவர்கள் அதைக் கேட்பதில்லை. சான்றிதழில் கறையாக ஏறிவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் ஏறாது. ஆனால் கெடு தேதிக்கு முன்பு விண்ணப்பிப்பதே வழக்கம், பல இடங்களில் சான்றும் கேட்பார்கள். இந்த விண்ணப்பத்தை நிரப்ப மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவு உதவும். அது நிர்வாகத்திலிருந்து விலகி இயங்குவது. ஆகவே துறைமீதே புகார் என்றாலும் அங்கே பேசலாம். மனநல ஆலோசகரிடம் சொல்வது உயிருக்கு ஆபத்து போன்ற நிலைமை தவிர பெற்றோருக்கோ துறைக்கோ போகாது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள், நம் பிள்ளைகள் அதை நம்புவதில்லை.

பிப்ரவரிக்குப் பிறகு உங்கள் வேலை குறையும். ஒன்றை மட்டும் நினைவூட்டுங்கள்: ஆய்வேட்டுக்கு யாரையாவது பேட்டி காண்பதாக இருந்தால், மதுரையில் இருக்கும் சொந்த உறவினரையே கேட்பதானாலும், பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழுவின் ஒப்புதல் முதலில் வர வேண்டும். அது வாரக்கணக்கில் இழுக்கும். ஆகஸ்டில் வழிகாட்டி ஆசிரியர் விடுப்பில் போவார். ஆகவே ஏப்ரலிலேயே விண்ணப்பத்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.

உங்கள் துறைத்தலைவரிடம் இப்போதே இரண்டு கோரிக்கை வையுங்கள். வரவேற்பு வார அமர்வுகளில் எழுத்து, மேற்கோள், மதிப்பெண் பற்றியவற்றை எடுத்து அக்டோபர் கடைசிக்கு மாற்றச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு மாணவர்களின் அனுமதியோடு, பெயரை நீக்கிவிட்டு, 52, 63, 74 வாங்கிய மூன்று கட்டுரைகளை ஆசிரியர் குறிப்புகளோடு கேட்டு வாங்குங்கள். அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ஒரு பிற்பகல் ஒதுக்கினால், உங்கள் மாணவர்கள் நவம்பரில் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும்.